அட்மிஷன் எதற்கு என்று கேட்ட மருத்துவர்

பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பணியில் இருந்தேன். டாக்டர் சுகந்தி காலமானார் என்று ஒரே வரி. நான் நம்பவில்லை. யார் சொன்னது, எந்த ஆஸ்பத்திரி, என்ன ஆயிற்று என்று குழுவில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை, எல்லோரும் கைகூப்பும் படத்தை மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய தம்பியை அழைத்தேன். "ஆமா சிஸ்டர். நுரையீரல்ல தொற்று. காலையில போயிட்டாங்க" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் எங்களில் பலர் அவரோடு வேலை செய்திருக்கிறோம். வருகிறவரைப் படுக்கவைக்க வேண்டுமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. அட்மிஷன் போடலாம் என்று சொல்கிறவரிடம், "இவங்க வீட்லயே படுத்தா என்ன கெட்டுப்போகும்? அதைச் சொல்லுங்க" என்பார். பதில் இல்லையென்றால் அட்மிஷன் இல்லை. ஒரு முறை என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "மாடியில பெட் காலியா இருக்கிற அன்னைக்குத்தான் கீழ எல்லாருக்கும் அட்மிஷன் தேவைப்படுது. கவனிச்சீங்களா சிஸ்டர்?" அதற்குமுன் நான் கவனித்ததில்லை. பிறகு கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் எனக்கு அவர்மேலேயே சந்தேகம். நெஞ்சு எரிகிறது என்று வந்த ஐ.டி. இளைஞர்களை இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, நேரமெடுத்துப் பேசி அனுப்பிவிடுவார். வேலையைக் குறைத்துக்கொள்கிறாரோ, முதலாளியோடு ஏதாவது பகையோ என்று நாங்களெல்லாம் கேன்டீனில் பேசிக்கொண்டோம். "பயத்துக்கும் வைத்தியம் உண்டு. ஆனா அதுக்கு பெட் வேணாம்" என்று அவர் சொன்னதுகூட அப்போது சாக்காகத்தான் பட்டது.

என் எண்ணம் மாறியது மாங்காட்டிலிருந்து ஒரு பெண் வந்த பகலில். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். மனைவிக்குத் தோள் வலிக்கிறது, ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள் என்றார். அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். டாக்டர் சுகந்தி அவளை எழுந்து நிற்கச் சொன்னார். நின்றதும் முகம் வெளுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தாள். சிறுநீர்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தது. கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, அதுதான் தோளில் வலியாகத் தெரிகிறது என்று டாக்டர் சந்தேகப்பட்டார். உடனே ஸ்கேன், அட்மிஷன், அநேகமாக ஆபரேஷன் என்றார்.

கணவர் சிரித்தார். "இன்னா டாக்டர், தோளு வலின்னு இட்டுகினு வந்தா வயித்துல ஸ்கேனுன்றீங்க. யார் ஊட்டுக் கதை இது? பில்லு ஏத்தத்தானே?"

டாக்டர் கோபப்படவில்லை. "சந்தேகப்படுங்க, தப்பில்ல. நானா இருந்தாலும் படுவேன். ஆனா ஒரு டாக்டர் பக்கத்துல நின்னு சந்தேகப்படுங்க. வீட்டுக்குப் போய்ப் படாதீங்க."

"நான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே இட்டுகினு போறேன்."

"போங்க. ஆட்டோவில வேணாம். ஆம்புலன்ஸ் தரேன், நானும் வரேன்."

அவளுடைய இரண்டு கைகளிலும் சலைன் ஏற்றச் சொன்னார். அரசு மருத்துவமனைக்குப் போன் செய்து, ரத்தம் தயாராக இருக்கட்டும் என்றார். வார்டு டாக்டரைக் கீழே தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறிவிட்டார். போன உடனே ஆபரேஷன் நடந்தது. அந்தப் பெண் பிழைத்தாள்.

மறுநாள் நிர்வாகம் அவரைக் கூப்பிட்டது. உண்மையான கேஸை ஏன் வெளியே அனுப்பினீர்கள், அங்கே உங்களுக்கு யாராவது வேண்டியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்களாம். திரும்பி வந்தவர், "படுக்கவைக்கலைன்னாலும் சந்தேகம், படுக்கவைக்கணும்னாலும் சந்தேகம்" என்று சொல்லி டீ கேட்டார். கொஞ்ச நாளில் அவரை உடல் பரிசோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு, சேக்காட்டில் சொந்தமாகக் கிளினிக் போட்டார்.

கடைசியாக அவரைப் பார்த்தது சில மாதங்களுக்கு முன் ஆவடியில் ஒரு மருத்துவமனையில். மூச்சு வாங்கிக்கொண்டே, பணியில் இருந்த இளம் பெண் மருத்துவரிடம், "எனக்கு எதுக்கு அட்மிஷன்?" என்று கேட்டார். அந்தப் பெண் எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கினார். இடையில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "காரணம் சரிதான்" என்று டாக்டர் சுகந்தி தலையணையில் சாய்ந்தார். அந்த முறை குணமாகி வீடு திரும்பினார்.

அவர் தவறே செய்யாதவர் என்று நான் எழுதினால் அவரே நம்பமாட்டார். கிளினிக்கில் ஒரு பெரியவரை வாயுத் தொல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார். விடிந்தபோது மாரடைப்பு; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். டாக்டர் அந்த வீட்டுக்கே போய், மகனிடம், "நேத்து உங்கப்பாவை நான் அனுப்பினது தப்பு" என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு, தான் வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொருவரையும் மறுநாள் காலையில் போனில் அழைத்து விசாரிக்க ஆரம்பித்தார்.

அந்த வழக்கத்தைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்று காலையும் ஓர் அம்மாவை அழைத்தேன். மயக்கம் என்று நேற்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து, பார்த்து அனுப்பப்பட்டவர்.

"எதுக்கும்மா கேக்குற? இன்னும் ஏதாவது டெஸ்ட் எடுக்கணுமா?" என்றார்.

"இல்லம்மா. நல்லா இருக்கீங்களான்னு கேட்கத்தான்."

"நல்லாத்தான் கீறேன்" என்று சொல்லிவிட்டு, என்னை நம்பாமலே போனை வைத்தார்.