மூக்காயிக்குத் தெரிந்த இலங்கை

மூக்காயி அக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தாலும் எழுதுகிறேன். அவள் காரியத்தைக் கெடுத்தவன் நான்தான் என்பதை வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆவுடையார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். 1957இல் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தபோது சமைக்க வந்தவள் அவள். ஒருநாள் ஐந்தாம் வகுப்பில் இந்தியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கட்டுமாவடிக் கரையில் நின்று கடலைப் பார்த்ததோடு என் வெளிநாட்டு அனுபவம் சரி. அந்தத் தைரியத்தில், "ரெண்டு நாட்டுலயும் ஐப்பசி, கார்த்திகைதான் மழைக்காலம்" என்று அடித்துவிட்டேன். கையில் கரண்டியோடு சன்னலில் வந்து நின்றாள்.

"தப்புங்க வாத்தியாரே. எங்க மலையில வைகாசியில பிடிக்கிற மழை ஆவணி வரைக்கும் விடாது. இங்கிட்டு நீங்க வெயில்ல காயுறப்ப, அங்கிட்டு நாங்க கம்பளிக்குள்ள கெடப்போம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் விடுகிற மாதிரி இல்லை. சோற்றுப்பானை மூடியை எடுத்துவந்து மேசைமேல் கவிழ்த்து, அதன் உச்சியில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள்.

"இதாங்க இலங்கை. நடுவுல மலை. ஆறெல்லாம் அங்க பொறந்து நாலாபக்கமும் ஓடும். நம்ம சீமை அப்படியா? மேக்கேருந்து கெழக்க ஒரே சரிவு. வெள்ளாத்துல தண்ணியத் தேடணும். அங்க தண்ணிக்கு ஒதுங்கித்தான் நடக்கணும்."

என் மேசை நனைந்து போயிற்று. பாடம் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் மறக்கவில்லை.

அவள் அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இங்கே வரும்வரை புதுக்கோட்டைச் சீமையைக் கண்ணால் கண்டதே இல்லை. கட்டிய புருஷன் ஆண்டியப்பன் எங்கள் ஊர்க்காரன். சிறு வயதில் கடல் தாண்டியவன். ஊரில் கண்மாய் நிறையத் தாமரை என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்டு நெஞ்சில் வைத்திருந்தாள். அவன் செத்த பிறகு, 1953இல், பிரஜாவுரிமை விசாரணைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். "ஒங்க ஊர் எது?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். நம் ஆட்களிடம் ஊரைக் கேட்டால் பிறந்த இடத்தையா சொல்வார்கள்? எங்கே போய்ப் பிழைத்தாலும் குலசாமி இருக்கிற இடம்தான் ஊர். அவளும் புருஷன் ஊரைச் சொன்னாள். அதோடு நிறுத்தினாளா? கண்மாயையும் தாமரையையும் நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தவள்போல வர்ணித்தாள். இவள் மனசு இந்தியாவில் இருக்கிறது என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரே மகள் அழகியைக் கட்டியவனுக்கு உரிமை கிடைத்திருந்ததால் அவள் அங்கேயே தங்கிவிட்டாள். மூக்காயி அக்கா மட்டும் ஒரு தகரப்பெட்டியோடு கப்பலேறினாள். வந்தது சித்திரை மாதம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. "தாமரை எங்கங்க?" என்று கொழுந்தனிடம் கேட்டாளாம். ஊரே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

1958இல் அழகியிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம், ஆத்தா பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தாள். அழகி இங்கே வந்தால் திரும்ப விடுவார்களோ என்று பயம். மருமகன் அங்கே மனுப் போட்டான். இங்கே விசாவுக்கு நான் அலைந்தேன். அலைந்தவன் சும்மா இருந்தேனா? புத்தி வேறு சொன்னேன்.

"போன தடவை வாயாலதான் கெட்டீங்க, அக்கா. இலங்கை மேல ஆசை இருக்குன்னு காட்டிக்கிட்டா, போனவ திரும்ப மாட்டான்னு விசா குடுக்க மாட்டாங்க. அந்த ஊரப் பத்தி எது கேட்டாலும் தெரியாதுன்னுருங்க."

"நீங்க படிச்சவுக, நீங்க சொன்னாச் சரிதான்" என்றாள்.

என் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு மூவரும் பட்டணத்திலிருந்த இலங்கை விசா ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரிமேல் குற்றம் சொல்லமாட்டேன். அடுத்தவர் பேரில் கடல் தாண்டுகிறவர்கள் அப்போது நிறைய. இவள்தான் பெற்ற தாயா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது, அதற்குத்தான் கேட்டார்.

"மக இருக்கிற தோட்டத்துலதான் நீங்களும் இருந்தீங்களாம்மா?"

"ஆமாங்க."

"அங்க மழை எப்பப் பிடிக்கும்?"

"தெரியாதுங்க."

"ஸ்டேஷன்ல எறங்கி மக வீட்டுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று அந்தக் கண் கேட்டது. மகா புத்திசாலியான நான் தலையை லேசாக ஆட்டி வேண்டாம் என்றேன்.

"தெரியாதுங்க. எனக்கு இந்தச் செம்மண்ணுதாங்க தெரியும்."

அவர் பேனாவை மூடினார். "பெத்த பிள்ளை வளந்த எடம் ஒரு தாய்க்குத் தெரியாமப் போகுமா?" என்றார். நான் எழுந்து என்னென்னவோ உளறினேன். சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்தவன் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. மனு போயிற்று.

திரும்பும்போது, கீரனூர் தாண்டியதும், பஸ்ஸில் அவள் தானாகப் பேச ஆரம்பித்தாள். "ஸ்டேஷன்லேருந்து எடது கைப்பக்கம் போகணும். ஒரு மரப்பாலம். பாலத்துக்கு அங்கிட்டு அம்பத்தாறு படி. ஏறுனா வரிசை வீடா எங்க லயம். மூணாவது காம்பரா. அதுலதான் அழகியப் பெத்தேன்." என் வீட்டுக்காரி அழுதாள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அழகியின் கடிதம் வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிக்க வேண்டும்.

"ஆத்தா, ஆம்பளப் புள்ள பொறந்திருக்கான். ரெண்டு நாளு பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஒன்னத்தான் கூப்பிட்டேன். எங்க தோட்டமே தெரியாதுன்னு ஆபீசுல சொன்னியாம். அவுகளுக்குக் காயிதம் வந்துச்சு. என்னப் பெத்த எடம் ஒனக்குத் தெரியாதா? வர இஷ்டமில்லேன்னா சொல்லியிருக்கலாம். இனிமே எழுத மாட்டேன்."

நாலு வரியை விழுங்கிவிட்டுப் படித்திருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை, இருந்தபடியே படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அந்தத் தடவை என்னால் முடிக்க முடியவில்லை.

எல்லாம் என் தப்பு என்று அழகிக்கு மூன்று கடிதம் எழுதினேன். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, ஆள் அங்கே இல்லை என்று திரும்பி வந்தது. மூக்காயி அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதன்பிறகு எட்டு வருஷம், சாகிற வரைக்கும், எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் சமைத்தாள். மறுவருஷம் இலங்கைப் பாடம் வந்தபோது, வைகாசி மழையையும் நாலாபக்கம் ஓடும் ஆறுகளையும் அவள் சொன்னபடியே சொல்லிவிட்டு, சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "நான் சொன்னது சரிதானே, அக்கா?" என்று கேட்டேன். பானை மூடியோடு வருவாள் என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "தெரியாதுங்க வாத்தியாரே" என்றாள்.