ரேடியோக்காரனின் கதவு

1974. சிட்னியில் லிட்கம் ரயில் நிலையம். மழையால் பாரமட்டா ரயில் தாமதமாகிறது. நான் ஆவடியில் டாங்கிகளுக்கு வரைபடம் போடுகிறவன் என்றதும், பெஞ்சில் பக்கத்தில் இருக்கும் உக்ரைன்காரர் நிமிர்ந்து உட்காருகிறார். இரண்டாம் உலகப் போரில் அவர் டி-34 என்ற சோவியத் டாங்கியை ஓட்டியவராம்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாய்வான கவசம், அகலமான சங்கிலிப் பட்டை, ஐந்நூறு குதிரைத்திறன் டீசல் இன்ஜின் என்று படித்ததையெல்லாம் ஒப்பிக்கிறேன்.

"எல்லாம் சரிதான்," என்கிறார், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில். "எனக்கு முன்னால, மேல தூக்கித் திறக்கிற கனமான கதவு ஒண்ணு இருந்துச்சு. பக்கத்துல உட்கார்ற ரேடியோக்காரன் கோல்யாவுக்குக் கதவு கிடையாது. என் கதவு வழியாத்தான் அவனும் வெளியே வரணும்."

"ஆமா, படத்துல பார்த்திருக்கேன்," என்கிறேன் பெருமையாக.

"குண்டு பட்டு வண்டி தீப்பிடிச்சுது. நான் குதிச்சு ஓடினேன். கதவு எனக்குப் பின்னால விழுந்து மூடிக்கிச்சு. அவன் தட்டின சத்தம் கேட்டுச்சு. நான் திரும்பிப் போகலை. முப்பது வருஷம் ஆச்சு."

நான் அவசரமாகச் சொல்கிறேன். "கதவைத் தாங்குற கொக்கி உடைஞ்சிருக்கும். உங்க தப்பு இல்லை."

"கொக்கி நல்லாத்தான் இருந்துச்சு," என்கிறார். "நான்தான் மாட்டலை."

ரயில் வருகிறது. எதிரெதிரே உட்காருகிறோம். பாரமட்டாவில் அவர் இறங்கும்வரை நான் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.