சிங்கப்பூரிலா குளிக்கிறார் அப்பா?

அந்தப் பக்கம் இருந்தது ஒரு குழந்தையா, வளர்ந்த ஆளா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சென்ற ஆண்டு, பள்ளியின் ஆண்டிறுதி விடுமுறைக்குச் சில வாரங்களுக்கு முன் நடந்தது இது. நாங்கள் மலேசியாவின் ஜொகூரில், கூலாய்க்கும் செடெனாக்கிற்கும் இடையில் தாமான் எனப்படும் ஒரு வீடமைப்புப் பகுதியில் குடியிருக்கிறோம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டிப் போவார். இரவுச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். பகலில் வீட்டில் இருப்பது நானும் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளும் மட்டும்தான்.

அதனால் அவளுக்கு ஒரு பாடம் சொல்லி வைத்திருந்தேன். கேட்டுக்கு வெளியே யாராவது நின்று அப்பாவைக் கேட்டால், "அப்பா குளிக்கிறாங்க" என்று சொல்ல வேண்டும். எங்கள் வரிசையில் பாதி வீட்டு ஆண்களுக்குச் சிங்கப்பூரில்தான் வேலை. ஆகவே எங்கள் தெருவில் அப்பாக்கள் எல்லாரும் பகல் முழுவதும் குளித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

ஒரு நாள் மதியம் நான் அவளுடைய சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"ம்மா, அப்பா சிங்கப்பூர்ல இருக்காங்கன்னு இந்தப் பூனைக்கு எப்படிம்மா தெரியும்?"

பூனை என்பது அவளோடு ஒரு சமையல் விளையாட்டு ஆடும் யாரோ. முகத்துக்குப் பதிலாகக் கண்ணாடி போட்ட பூனையின் படம். விளையாட்டுகளை வாங்கும் அந்த இணையக் கடையிலேயே நண்பர்கள் எழுதிப் பேசிக்கொள்ள வசதி உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா எங்கே என்று பூனை மலாய் மொழியில் கேட்டிருந்தது. நான் சொல்லிக்கொடுத்தபடியே, அப்பா குளிக்கிறார் என்று என் மகள் எழுதியிருந்தாள். அதற்குப் பூனையின் பதில்: "சிங்கப்பூரிலா குளிக்கிறார்? ஹா ஹா."

அந்தச் சீருடையில் தீய்ந்த தடம் இன்னும் இருக்கிறது.

கணவரை அழைத்தேன். அவர் சிரித்தார். "கூலாய்ல பாதி ஆம்பளைங்க இங்கதான இருக்கோம். சும்மா அடிச்சு விட்டிருக்கும் லா. இதுக்குப் போயி ஏன் கெலாம்காபுட் ஆயி பதறுற?"

நானும் அப்படித்தான் நம்ப ஆசைப்பட்டேன். ஆனால் பழைய பேச்சைப் படித்துக்கொண்டே போனபோது இன்னொரு வரி கண்ணில் பட்டது. "இன்று உன் அப்பா வீட்டில் இருக்கிறாரே, வேலை இல்லையா?" அது என் கணவர் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்துப் படுத்திருந்த நாள். அதைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றது. உடனே பூனையை விரட்டிவிட்டால் அதற்கு எப்படித் தெரிந்தது என்று தெரியாமலே போய்விடும், கொஞ்சம் பொறு என்றார். டேப்லெட்டை நான் என் கைக்கு எடுத்துக்கொண்டேன்.

அன்று அவர் வீட்டில் இருந்தது யாருக்குத் தெரியும்? போர்ச்சில் மோட்டார் நின்றதைப் பார்த்தவர் ஒருவர்தான்: மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன் அக்கா. தாமானில் எல்லார் வீட்டுக் கதையும் அவர் வேனில் ஏறி இறங்கும். மறுநாள் காலை மெல்லக் கேட்டேன்.

"அக்கா, எங்க வீட்டுக்காரரு போற வர்ற நேரத்தப் பத்தி யாராச்சும் உங்ககிட்ட விசாரிச்சாங்களா?"

அவர் என்ஜினை நிறுத்தினார். "ஏம்மா? யாரு விசாரிக்கணும்?"

"இல்லக்கா, சும்மாதான்."

"சும்மாவா? நான் வாயாடிதான், ஒத்துக்கிறேன். எந்த வீட்டுல என்ன கறின்னுகூட சொல்லிருவேன். ஆனா பொம்பளையும் புள்ளையும் தனியா இருக்கிற வீட்டுக் கதைய எவன்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு."

வேன் கதவு படாரென்று மூடியது. அன்றிலிருந்து மகளை நானே காரில் கொண்டுபோய் விட்டேன். அக்கா எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஹாரன்கூட அடிக்கவில்லை. அவர் மேல் சந்தேகப்படுவது சரியா, படாமல் இருப்பது சரியா என்று இரண்டு பக்கமும் மனம் அடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரைத் திடீரென்று ஓவர்டைமுக்கு அழைத்தார்கள். நண்பரின் காரில் போய்விட்டார். மோட்டார் போர்ச்சில்தான் நின்றது. தெருவில் யார் பார்த்தாலும் அவர் வீட்டில் இருப்பதாகத்தான் நினைப்பார்கள். நானும் மகளும் காலைப் பசியாறிக்கொண்டிருந்தோம். பூனை எழுதியது: "ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலையா?"

அப்படியென்றால் இது தெருவைப் பார்த்துச் சொன்னது அல்ல. வேறு எதையோ பார்த்துச் சொன்னது. என் மகளின் பெயரைத் தொட்டு அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். பெயருக்குப் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு கொடி. அவள் கூலாயில், என் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். கொடியோ சிங்கப்பூர்க் கொடி.

அவரிடம் கேட்டபோதுதான் புரிந்தது. அவர் வாங்கும் விளையாட்டை மகளும் ஆடலாமே என்று, தம் சிங்கப்பூர்க் கைப்பேசி எண்ணைக் கொடுத்து இருவருக்கும் ஒரே கணக்கைத் திறந்திருந்தார். அதனால் கடைக்கு அவர் கைப்பேசிதான் அந்தக் கணக்கின் முதன்மைக் கைப்பேசி. அவர் விளையாடவே வேண்டாம். பையில் கிடக்கும் கைப்பேசி தான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று கடைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கடை அந்த நாட்டுக் கொடியை என் மகளின் பெயருக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க ஏற்றி வைத்தது. "இது அப்பாவின் கணக்கு, நான் கூலாயில் இருக்கிறேன்" என்று மகள் எப்போதோ பூனைக்கு எழுதியிருந்த வரி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று மாலை டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கண் முன்னால் கொடி மாறியது. நம் மலேசியக் கொடியின் கோடுகள் வந்தன. சிறிது நேரத்தில், "பாலத்தத் தாண்டிட்டேன்" என்று அவரிடமிருந்து செய்தி வந்தது. அவர் என்னிடம் சொல்வதற்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் எப்போது ஆண் துணை இல்லை என்பதை அறிய யாரும் கேட்டருகே வந்து நிற்கத் தேவையே இல்லை.

நான் படித்தவள். அந்தக் கணக்கில் மகளின் விவரங்களை நிரப்பிய நாளில் நிபந்தனைகளைக்கூடப் படித்தேன். எதையும் பொய்யாக நிரப்பக் கூடாது என்று மகளின் உண்மைப் பெயரையும் பிறந்த நாளையும் கொடுத்ததும் நான்தான். இப்போது மறுபடி படித்தேன். யாரோடு பேசுகிறோம், எங்கே இருக்கிறோம், எந்த விளையாட்டின் படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறோம், எல்லாம் சேர்த்து வைப்பார்களாம். "வணிகக் கூட்டாளிகளோடு" பகிர்ந்தும் கொள்வார்களாம். யார் அந்தக் கூட்டாளிகள் என்று எங்கும் இல்லை.

பல பக்கங்களுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு பொத்தானைக் கண்டுபிடித்துக் கொடியை மறைத்தோம். வேன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயைப் பிளந்தார். "அலமாக்! என் வாயவிடப் பெரிய வாயா இருக்கே இது!" மறுநாள் வாசலில் ஹாரன் கேட்டது.

பூனையை நீக்கும்போது மகள் அழுதாள். "அது என் ஃப்ரெண்டு மா. அதுக்கும் வீட்ல யாரும் இல்லியாம்." நீக்குவதற்கு முன் பூனையின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அங்கே கொடி இல்லை. மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்படி மறைக்கத் தெரிந்தது விவரமான ஒரு பெரிய ஆளாக இருக்கலாம். என்னைப் போலப் பயந்த ஒரு தாய் தன் பிள்ளைக்காக மறைத்துக் கொடுத்ததாகவும் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால், தனியாக இருந்த ஒரு குழந்தையின் தோழியைப் பறித்தவள் நான்.

கணக்கை முழுவதுமாக அழித்துவிடச் சொல்லிக் கடைக்கு எழுதினேன். பணிவான பதில் உடனே வந்தது. நான் தாய்தான் என்று உறுதிப்படுத்த, என் அடையாள அட்டையின் இரு பக்கப் படங்களும் மகளின் பிறப்புப் பத்திரமும் வேண்டுமாம். கொடுத்ததைத் திரும்பப் பெற இன்னும் கொடுக்க வேண்டும். அந்தப் பதில் இன்னும் என் கைப்பேசியில் அப்படியே இருக்கிறது. அனுப்பினாலும் பயம், அனுப்பாவிட்டாலும் பயம். கதவைப் பூட்டினால் வீடு பத்திரம் என்று நினைத்திருந்த என் நிம்மதி அந்த அரிசி அளவுக் கொடியோடு போய்விட்டது. இதைப் படிக்கும் அம்மாக்களே, அப்பாக்களே, நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா? யோசித்து எனக்கு எழுதுங்கள்.