மருந்து போடாத போத்தல்

நம்பாதவர்கள் மசூரிடமே கேட்கலாம். அல்லாஹ்வை முன்னிறுத்தித்தான் சொல்வார். 2009 ஜூலை 14, செவ்வாய்க்கிழமை. மருதமுனைக் கடற்கரை. இரவுகூட இல்லை, பட்டப்பகல்.

யுத்தம் முடிந்து இரண்டு மாதம். அபுல் ஹஸன் காக்காவின் கைத்தறிக் கொட்டிலைச் சுனாமிக் கடல் கொண்டுபோய் நாலரை வருடம். கடல் வந்த அன்று சாயத் தகரங்கள் அவர் கிணற்றுக்குள் விழுந்தன. தண்ணீர் இன்னும் சிவப்பு. வியாழனுக்குள் தெளியாவிட்டால் மண் போட்டு மூடுவதென்று ஊரில் முடிவாகியிருந்தது. "அப்ப என்னையும் சேத்து மூடுங்க" என்றிருந்தார் காக்கா.

நீர்ப் பரிசோதகர் மசூர் மூன்று போத்தல்களில் கிணற்று நீரை நிரப்பி வெயிலில் வைத்தார். முதலாவதில் ஒன்றும் போடவில்லை. இரண்டாவதில் பெர்சல்பேட் என்ற வெள்ளை உப்பு. மூன்றாவதில் அதே உப்போடு, அதைத் தூண்டிவிடும் இரும்பு மருந்து. தூண்டப்பட்ட உப்பு சாயத்தைத் துண்டு துண்டாக உடைத்துவிடும்.

"உப்புப் போட்டுச் சாயம் போகுமெண்டா, கறிச்சட்டியிலயே வெளுத்திருப்பனே மகன்!"

"இது வேற உப்பு காக்கா. கொஞ்சம் பொறுங்க."

"நாலரை வருஷம் பொறுத்தவனுக்கு இது பெரிசா?"

12.17. பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னார்கள். காக்கா தொழப் போனார். மசூர் காவலிருந்தார்.

12.26. மூன்றாவது போத்தல் தெளிந்தது. எதிர்பார்த்ததுதான்.

12.31. சொட்... சொட்...

மழை இல்லை. வாளியும் காய்ந்து கிடந்தது.

திரும்பினார்.

முக்காடு போட்ட ஓர் இளம்பெண். இரண்டு கைகளும் முழங்கை வரை சிவப்பு. விரல் நுனிகளிலிருந்து நீர் சொட்டியது. கீழே மணல் மட்டும் நனையவில்லை.

"காக்கா... இது போகுமா?" அண்ணனைக் கூப்பிடுவதுபோல மசூரிடம் கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. போகும்."

தெளிந்த போத்தலை நோக்கிக் கை நீண்டது.

"அது வேணா. மருந்துத் தண்ணி. கை எரியும்."

"எனக்குக் கழுவிவிட ஆருமில்ல..."

மசூருக்கு மனம் கேட்கவில்லை. தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை எடுத்தார். ஊற்றினார்.

சிவப்பு வழிந்து ஓடியது.

கைகள் வெளுத்தன.

நிமிர்ந்தார்.

ஆளில்லை... கால்தடமும் இல்லை.

12.34. ஒன்றுமே போடாத முதல் போத்தல்... பளிங்குபோலத் தெளிந்திருந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தார். அடியில் துருப்பிடித்த தகரங்கள் தெரிந்தன.

திரும்பி வந்த காக்கா கிணற்றைப் பார்த்தார். மசூர் சொன்னதைக் கேட்டார். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ட மகள் நுஸ்ஹா. கடல் வந்த காலையில நூலுக்குச் சாயம் போட்டுக்கிட்டிருந்தவ. முகம் தெரியல்ல. சாயக் கையப் பாத்துத்தான் கண்டுபிடிச்சன். ஊர்க் கிணறெல்லாம் உப்பும் சேறும். அவட உடம்ப, மையத்தக் குளிப்பாட்ட ஒரு வாளி நல்ல தண்ணி கிடைக்கல்ல மகன். தண்ணிக்குப் பதிலா மண்ணத் தடவித்தான் அடக்கினம்."

பிறகு மசூரின் கையைப் பிடித்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"மெதுவாத்தான் ஊத்தினியா?"