தாத்தா கொண்டுவந்த உண்ணி

நடந்தவை, வரிசைப்படி:

1. ஆடி அமாவாசை அன்று முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் படையல் சோற்றைத் தின்ற காகம் ஒன்று பறந்து போகாமல் தண்ணீர்த் தொட்டி நிழலிலேயே உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்க இறக்கை தொங்கியிருந்தது.
2. அப்பாவின் அக்கா, அதாவது எங்கள் அத்தை, அதைத் தாத்தா என்று முடிவு செய்தார். தாத்தா முந்தைய வருடம்தான் இறந்திருந்தார்.
3. ஆறு வயதுத் தம்பி தாத்தாவை மடியில் வைத்துக் கொஞ்சினான். யாரும் தடுக்கவில்லை.
4. ஒரு வாரத்தில் தாத்தா பறந்து போனார். மறுநாள் தம்பியின் காதுக்குப் பின்னால் உண்ணி ஒன்று கடித்தபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

மூன்றாவது நடந்தபோது அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். “மாமாவா இருந்தா இந்நேரம் காப்பி கேட்டுருப்பாரு அண்ணி” என்றார். அத்தை இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் வைக்கலாம் என்றார் அத்தை. எனக்குப் பத்து வயது. எதையும் கெடாமல் எடுத்து நோட்டில் ஒட்டுவது அப்போதைய பைத்தியம். அம்மாவின் புருவ இடுக்கியால் மெதுவாக, நேராக இழுத்தேன். முழுதாக வந்தது. அறிவியல் நோட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, கீழே எழுதினேன்: உண்ணி, தம்பி, இடது காது, செவ்வாய்க்கிழமை.

அடுத்த வாரம் தம்பிக்குக் காய்ச்சல். டெங்கு இல்லை என்றார்கள். மாத்திரைக்கு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் கண்ணைத் திறக்கவே மறுத்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான் நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்த டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். உடனே தம்பியின் காதை மடக்கிப் பார்த்தார். கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

“இத யாரு ஒட்டுனது?”

“எந் தம்பி பொண்ணு டாக்டரம்மா. அஞ்சாவதுதான் படிக்குது” என்றார் அத்தை.

“வீட்ல நாய் இருக்கா? ஆடு, மாடு?”

இல்லை என்றார் அப்பா.

“அப்ப வேற என்னதான் வந்துச்சு வீட்டுக்கு?”

பெரியவர்கள் மூவரும் தரையைப் பார்த்தார்கள். “தாத்தா வந்தாரு” என்றேன் நான்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, “காக்கா” என்றார். “அடிபட்ட காக்கா ஒண்ணு.”

உண்ணிக் காய்ச்சல் என்று சொல்லி மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் தம்பி இட்லி கேட்டான். அன்றிலிருந்து தெருவெல்லாம் என் நோட்டின் புகழ் பாடியது அத்தைதான். நானும் தலை நிமிர்ந்து நடந்தேன். ‘காக்கா’ என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவருக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று யோசிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதைய நிலை: தம்பி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். நான் ஆய்வுக்கூடத்தில், ஏரிப் பறவைகளும் காகங்களும் ஊருக்குள் கொண்டுவரும் உண்ணிகளைப் பிரித்துப் பெயரிடுகிறேன். அந்த நோட்டு என் மேசையில் இருக்கிறது. அத்தை அமாவாசைதோறும் மாடியில் சோறு வைக்கிறார். வைத்ததும் இறங்கிவிடுகிறார். எந்தக் காகம் வந்தது என்று பார்ப்பதில்லை.