ஜெசியின் முழங்கால்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அரசாங்க மருத்துவமனையின் ஃபிசியோதெரப்பி அறையில் நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். தோள்பட்டைக்காரர்கள், இடுப்புக்காரர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர்... அவருக்கு ஒரு கைதான் வேலை செய்யும். அந்த ஒரு கையால் மேசையைத் தட்டினார்.

கைதட்டல் ஜெசிந்தாவுக்கு. இருபத்தைந்து வயதுப் பெண். அறுவை சிகிச்சை செய்த காலை மட்டும் ஊன்றி, ஒற்றைக்காலில் தாவிக் காட்டினாள். எங்கள் ஃபிசியோ ஐடா - எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் மலாய்ப் பெண் - தரையில் டேப் வைத்து அளந்தார். நல்ல கால் தாவிய தூரத்தை இந்தக் காலும் தாவியிருந்தது.

"ஓகே லா ஜெசி! சுடா போலே மாயின்!" என்று கத்தினார் ஐடா. இனி நீ விளையாடலாம் என்று அர்த்தம்.

ஜெசி சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஐடா முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்தவர் கண்ணீருக்கு நாமாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது!

என் வலது தோள் உறைந்துபோய், தலைகூட வாரிக்கொள்ள முடியாமல் தெமியாங்கிலிருந்து வாராவாரம் அங்கே போய்க்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியில் புலம்பியிருக்கிறேன். ஆனால் ஜெசியைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை.

முதல் நாள் அவளுடைய முழங்காலில் இருந்த நீளத் தழும்பைப் பார்த்துவிட்டு, "மோட்டார் சைக்கிள்ல விழுந்திட்டியாம்மா?" என்று கேட்டேன். நம் பிள்ளைகளின் கால் உடைந்தால் வேறென்ன காரணம் தோன்றும்?

"இல்ல ஆண்ட்டி. ஃபுட்பால்."

"ஸ்கூல்லயா?"

"ஸ்கூலா!" என்று சிரித்தாள். "எனக்கு அதான் வேல ஆண்ட்டி. கான்ட்ராக்ட் போட்டு, சம்பளத்துக்கு வெளாடுறேன். டிஃபெண்டர்."

ஒரு தனியார் கிளப்பின் பெண்கள் டீம். பெயர் வேண்டாம். ஜெசியின் வீடு போர்டிக்சன் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். அப்பா சூசை, குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். தோட்டத்துப் பையன்களோடு பந்தடித்துப் பழகியவள், அதையே தொழிலாக்கிக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் இங்கிலாந்து லீக் பைத்தியம். அங்கே ஓர் ஆட்டக்காரருக்கு முழங்காலில் அடிபட்டபோது, இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை மனிதர். அன்று மாலை அவரிடம் கேட்டேன்.

"நம்ம ஊர்ல பொம்பளைங்க டீம் ஒண்ணு இருக்குதே, தெரியுமா?"

"பொம்பளைங்களா? நெட்பாலா?"

நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நாங்கள் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு பேசுவோம். நான் கயிற்றை இழுப்பேன், அவள் காலைத் தூக்குவாள். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரியவந்தது.

கிளப்புக்கு நல்ல திடல் ஒன்று இருக்கிறதாம். புல் மெத்தை மாதிரி. அது ஆண்கள் டீமுக்கு. வாரத்தில் ஒரு நாளாவது கொடுங்கள் என்று பெண்கள் கேட்டபோது, "புல்லுக்கு ரெஸ்ட் வேணும்" என்றார்களாம். இவர்களுக்குக் கிடைத்தது ஒரு தாமான் திடல், குடியிருப்புக்காரர்களின் பொதுத் திடல். வாரம் ஒருமுறை அதன் ஓரத்தில் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை போடுவார்கள். உடை மாற்ற அறை கிடையாது. எதிரே இருந்த பெட்ரோல் ஸ்டேஷன் டாய்லெட்டில் வரிசையில் நிற்பார்கள். ஜெர்சி, ஆண்கள் டீம் போன சீசனில் போட்டுக் கழித்தது.

"கைய மடிச்சி விட்டா சரியாயிரும் ஆண்ட்டி. நம்பர் மட்டும் இடுப்புக்குக் கீழ வந்திரும்."

இதையெல்லாம் அவள் குறையாகச் சொல்லவில்லை. ஜோக்காகத்தான் சொன்னாள். சீனப் பெரியவருக்குத் தமிழ் புரியாது. ஆனால் அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார்.

அடிபட்ட கதையை மட்டும் சிரிக்காமல் சொன்னாள்.

கடை போடுகிறவர்கள் கூடாரத்துக்குக் கம்பி அடிப்பார்கள் அல்லவா? பிடுங்கிக்கொண்டு போனதும் அந்த இடத்தில் குழி விழும். மழை பெய்தால் குழி பெரிதாகும். மேலே புல் சாய்ந்து மூடியிருந்தால் தெரியாது. பயிற்சியின்போது ஓரத்தில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவள், சட்டென்று திரும்பியிருக்கிறாள்.

"ஒடம்பு திரும்பிருச்சி ஆண்ட்டி. கால் திரும்பல. குழிக்குள்ள மாட்டிக்கிச்சி."

முழங்காலுக்குள் நார் அறுந்த சத்தம் அவளுக்கே கேட்டதாம். டீமுக்கு டாக்டர் கிடையாது, ஃபிசியோ கிடையாது. கோச் ஓடிப்போய் சென்டோல் கடையில் ஐஸ் வாங்கி வந்திருக்கிறார். மந்தினிலிருந்து வரும் கேப்டன் பெண், தன் காரின் பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

மேட்ச் நடக்கும்போது அடிபட்டால் இன்சூரன்ஸ் உண்டாம். பயிற்சியில் அடிபட்டால் கிடையாதாம்.

"தப்பான நாள்ல விழுந்திட்டேன்," என்றாள் ஜெசி.

அறுவை சிகிச்சைக்கு முறை வரும்வரை காத்திருந்தாள். அவளைப் போல எத்தனையோ பேர். அதற்குள் சீசன் முடிந்தது. சீசனோடு கான்ட்ராக்டும் முடிந்தது. "நல்லபடியா எந்திரிச்சி வா, பாக்கலாம்" என்று மேனேஜர் சொன்னாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் செவ்வாய்க்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

அழைத்து வருவது சூசைதான். பழைய மோட்டாரில், மழையோ வெயிலோ, மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு வருவார். லோரி ஓட்டாத நாளுக்கு அவருக்குக் கூலி கிடையாது என்பதை அவர் சொல்லவில்லை. ஜெசி சொன்னாள்.

ஆரம்பத்தில் ஒருநாள் அவர் என்னிடம் வந்து நின்றார். "நீங்களாவது சொல்லுங்கக்கா. நடந்தாப் போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு. இந்தப் புள்ள கேக்க மாட்டேங்குது."

ஜெசி வெடுக்கென்று சொன்னாள். "நடக்குறதுக்காப்பா இவ்ளோ கஷ்டப்படுறேன்? நடக்க எனக்கு நாலு மாசம் முன்னாடியே தெரியும்."

சூசை வெளியே போய்விட்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் மாறியதை நான் கவனித்தேன். வாசல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். அவள் முதன்முதலாக அந்த ஓடும் மெஷினில் ஏறிய அன்று, பக்கத்தில் நின்ற அட்டெண்டரிடம், "என் மகதான். ஃபுட்பால் ப்ளேயர்" என்று சொன்னார். கேட்காமலே சொன்னார்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

அழுகை நிற்கவில்லை. மற்றவர்கள் அவரவர் பயிற்சிக்குத் திரும்பியதும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா... இப்பதான் சந்தோஷப்படணும். மொத மேட்சுக்கு என்னையக் கூப்பிடு. அங்கிளையும் இழுத்துக்கிட்டு வரேன்."

"எந்த டீம் ஆண்ட்டி?"

எனக்குப் புரியவில்லை.

"டீம் இல்ல ஆண்ட்டி. மூடிட்டாங்க. ஸ்பான்சர் போய்ட்டாங்களாம். வாட்ஸ்அப் குரூப்ல மேனேஜர் போட்டாரு... இந்த சீசன் லேடிஸ் டீம் ரெஸ்ட்டுன்னு."

புல்லுக்குக் கொடுத்த அதே ரெஸ்ட்.

"எப்பம்மா?"

"நான் அந்த மெஷின்ல ஓட ஆரம்பிச்சேன் பாருங்க... அந்த வாரம்."

நான் நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனை முறை வந்திருப்பாள்! பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு எடை தூக்கினாள், எத்தனை முறை தாவி விழுந்து எழுந்தாள்... எல்லாம் இல்லாத ஒரு டீமுக்காக. ஐடாவுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

"ஏன்மா சொல்லல?"

"சொன்னா அப்பா நிப்பாட்டிருவாரு. ஐடாவும், சரி நடந்தாப் போதும்னு விட்டிருவாங்க. என் கால் பழையபடி வரணும் ஆண்ட்டி. வெளாடுறேனோ இல்லியோ... வரணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னிக்கு அப்பாகிட்ட சொல்லணும். கூட வரீங்களா?"

கேன்டீனில் சூசை காத்திருந்தார். முன்னால் பால் சேர்க்காத தே ஓ ஆறிப்போயிருந்தது. மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. எங்களைப் பார்த்ததும் அதைப் படக்கென்று மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். மறைக்கத் தெரியாத மனிதர். என்ன பெட்டி என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"என்ன கேர்ள்? பாஸா?" என்றார். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"பாஸ்ப்பா."

அவர் பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். புது பூட்ஸ். "லேடிஸ் சைஸு எந்தக் கடையிலயும் இல்ல. பசங்களுதுதான் கெடச்சிச்சி. சரியா இருக்கும்னு நெனைக்கிறேன்."

ஜெசி பெட்டியைத் திறக்கவில்லை. மூடியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். நான் எதிரில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சூசை திட்டவில்லை. ஏன் மறைத்தாய் என்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் போய்ப் பாத்தேங்க்கா அந்தத் தெடல. இவ விழுந்த மறுநாளு. குழி இத்தனதான் இருக்கும்." விரல்களை விரித்துக் காட்டினார். "ஒரு வாளி மண்ணு. தோட்டத்துல ரோட்டுக் குழியில எங்க லோரி டயரு எறங்கிட்டா அன்னிக்கே மண்ணு கொட்டி மூடிருவாங்க. வேல வாங்குற மண்டோரே நின்னு பாப்பாரு. லோரி டயருக்கு!"

ஆறிப்போன தே ஓவை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு பெட்டியை மகள் பக்கம் தள்ளினார்.

"போட்டுப் பாரு. சைஸு சரியில்லன்னா இன்னிக்கே மாத்திக்கணும்."

அவள் குனிந்து போட்டுக்கொண்டாள். சரியாக இருந்தது. அந்தக் கேன்டீன் தரையில், பூட்ஸ் அடிப்பாகத்துக் குமிழ்கள் டக் டக்கென்று சத்தமிட, நாலு அடி நடந்து காட்டினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூசை குனிந்து அவள் கால்விரல் நுனியை அழுத்திப் பார்த்தார், பள்ளிக்கூடம் திறக்கும்போது சப்பாத்து வாங்கித் தரும் அப்பாவைப் போல.

எனக்கு ஃபுட்பால் தெரியாது. ஸ்பான்சர் கணக்கும் தெரியாது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, கூட்டம் வராத ஆட்டத்துக்குப் பணம் வராது என்று என் வீட்டுக்காரர் விளக்கினார். உண்மையாக இருக்கலாம். ஆனால் கூட்டம் வருவதற்கு முதலில் யாராவது சொல்ல வேண்டாமா - இங்கே ஒரு டீம் இருக்கிறது என்று? பத்திரிகையில் எழுதுகிற எனக்கே தெரியாமல் அல்லவா ஒரு டீம் இருந்து, ஆடி, மூடப்பட்டுவிட்டது!

ஜெசி சும்மா இருக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து பஸ் ஏறி வேறொரு மாநிலத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண்கள் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். நன்றாக ஆடினாளாம். கடைசியில் அந்த கோச் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முழங்கால் தழும்பைக் காட்டிக் கேட்டிருக்கிறார். இவள் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள்.

"வெளாட்டு நல்லா இருக்கு. ஆனா எங்ககிட்டயும் ஃபிசியோ இல்லம்மா. மறுபடி ஏதாச்சும் ஆச்சின்னா யாரு பாக்குறது?"

அந்த கோச்சைக் குறை சொல்ல முடியுமா? நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். பஸ் ஸ்டேஷன் வரை அவரே காரில் கொண்டுவந்து விட்டாராம்.

இப்போது ஜெசி மந்தின் பக்கம் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. நாள் முழுக்க நிற்க வேண்டும். சேரும்போது, கால் தாங்குமா என்று கேட்டார்களாம். தாங்கும் என்றாளாம். உட்காரச் சொல்லி, எழச் சொல்லிப் பார்த்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம். ரெஸ்ட் நேரமாம், பத்து நிமிடம்.

"எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டேன்.

"முழங்கால் நல்லா இருக்கு ஆண்ட்டி."

நான் முழங்காலைக் கேட்கவில்லை.