கோட்டுப் பையில் கிடந்த குழாய்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை ஐஸ்காரி என்றால்தான் தெரியும். மூளையில் இரத்தக் கசிவோடு வருகிறவர்களின் இரத்தத்தில் அமினோ அமிலங்களை அளந்து, யார் தேறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என அங்கே ஓர் ஆய்வு நடந்தது. அதற்கு அவள்தான் லேப் டெக்னீஷியன். எடுத்த இரத்தம் உடனே ஐஸில் இறங்க வேண்டும். அறைச் சூட்டில் கிடந்தால் குளுட்டமேட் என்ற அமிலத்தின் அளவு தானாகவே ஏறிவிடும். "கொஞ்ச நேரம்தானே" என்று இழுக்கிற நர்ஸ்களை வறுத்தெடுத்துவிடுவாள். "முதல்ல உன் வாயில ஐஸ் வைக்கணும்" என்பார் சலூன் வைத்திருந்த அவள் அண்ணன்.

அந்த அண்ணனைத்தான் ஒரு நாள் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சலூனில் ஒருவருக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தவர், கத்தரிக்கோலோடு சரிந்திருக்கிறார். வலப்பக்கம் அசைவே இல்லை. இரத்தம் எடுக்க வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். யாரை நம்புவாள் அவள்? தானே எடுத்தாள். ஐஸ் பெட்டியைத் திறக்கப் போனபோது அண்ணி அழுதுகொண்டே வந்து அவள்மேல் சாய்ந்தாள். தாங்கிப் பிடிக்கக் கை வேண்டியிருந்ததால், இரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாய் கோட்டுப் பைக்குள் போனது. அண்ணியை உட்காரவைத்து, டாக்டரிடம் பேசி, ஸ்கேன் அறை வாசலில் நின்றுவிட்டுப் பைக்குள் கையை விட்டால், குழாய் வெதுவெதுப்பாக இருந்தது.

தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சத்தமில்லாமல் ஐஸில் வைத்துவிட்டாள்.

குளுட்டமேட் எக்கச்சக்கமாக வந்தது. இப்படி வந்தவர்கள் பெரும்பாலும் தேறுவதில்லை என்பது ஆய்வுக்காரர்களின் சந்தேகம். அது சந்தேகம் மட்டும்தான், வீட்டாரிடம் சொல்லக்கூடாது. வேறு யாருடைய குழாயாக இருந்தாலும் செல்லாது என்று ஒதுக்கியிருப்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்; அண்ணன் என்றதும் அந்த அளவை அப்படியே நம்பிவிட்டாள்.

"அண்ணி, மனசத் தேத்திக்கோங்க. அண்ணன் இனிமே எழுந்திருக்க மாட்டாரு."

அதற்குப் பிறகு அண்ணி யார் பேச்சையும் கேட்கவில்லை. கைகால்களைத் தினமும் அசைத்துவிடச் சொன்ன பிசியோகாரரிடம், "போற உசுர எதுக்கு வதைக்கணும்? நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கணவரை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

போகிற உயிர் போகவில்லை. அண்ணன் கண் திறந்தார், ஆள் தெரிந்தது, ஒன்றிரண்டு சொல் பேசினார். ஆனால் கத்தரிக்கோல் பிடித்த விரல்கள் அதற்குள் உள்ளங்கைக்குள் மடிந்து இறுகிப்போயிருந்தன. பிசியோகாரர் உதட்டைப் பிதுக்கினார். "அப்பவே ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு இறுகியிருக்காதுங்க."

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவள் வந்து அந்த விரல்களைப் பிரித்துவிடுகிறாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். அண்ணன் அவள் தலையைப் பார்த்து, "யாரு... வெட்டினது? கண்றாவி" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியாது.

போன ஞாயிறு அண்ணி டீயோடு வந்து நின்றாள். "பழையபடி ஆயிடுவாருன்னு எல்லாரும் வாய்க்கு வந்தபடி ஆறுதல் சொன்னாங்க. நீ ஒருத்திதாம்மா உள்ளதைச் சொன்ன."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பை, குழாய், வெதுவெதுப்பு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. அண்ணி டீயைக் கீழே வைத்தாள். பக்கத்தில் வந்து, கணவரின் கையை அவள் பிடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"விடு. அவருக்கு வலிக்குது. இனிமே நானே பாத்துக்கறேன்."